மெர்ச்சன்ட் நேவி லைசென்ஸோடு அமெரிக்கக் கடற்படை ரிசர்வில் அதிகாரியாக முடியுமா?

கேள்வி: சென்னையில் மரைன் இன்ஜினியரிங் படித்தேன். இந்தியாவில் கிளாஸ் 2 சி.ஓ.சி. (செகண்ட் இன்ஜினியர் தகுதிச் சான்றிதழ்) எடுத்து, பல வருடம் டேங்கர்களில் ஓடினேன். மனைவி அமெரிக்கக் குடிமகள் என்பதால் கிரீன் கார்டு கிடைத்து இப்போது ஹூஸ்டனில் இருக்கிறேன். அமெரிக்க நேவி ரிசர்வில் கப்பல் அதிகாரிகளை நேரடியாக கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், கொடுத்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் சான்றிதழ் செல்லுமா? போர் வந்தால் கட்டாயம் போக வேண்டி வருமா?

பதில்:

நேரடியாக எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்திய சி.ஓ.சி.யை மட்டும் வைத்து அந்தக் கதவைத் திறக்க முடியாது. முதலில் குடியுரிமை, அடுத்து அமெரிக்க கோஸ்ட் கார்டு கொடுக்கும் லைசென்ஸ், அதற்குப் பிறகுதான் கடற்படை. இந்த வரிசை மாறாது. உங்களைப் போல வருடக்கணக்கில் டேங்கர் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவருக்கு நடுவில் இருக்கும் லைசென்ஸ் கட்டம் நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை. அதிகம் பொறுமை கேட்பது குடியுரிமைதான்.

நீங்கள் கேள்விப்பட்ட பிரிவின் பெயர் ஸ்ட்ராடஜிக் சீலிஃப்ட் ஆபிசர். சுருக்கமாக எஸ்.எஸ்.ஓ. என்பார்கள். கடற்படைக் கணக்கில் இதன் அடையாள எண் 1665. வணிகக் கப்பல் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்காகவே உள்ள பிரிவு இது. இதற்கு ஏன் தனிப் பிரிவு வைத்தார்கள் என்று புரிந்துகொண்டால், தகுதி விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் தெளிவாகிவிடும். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

அமெரிக்க ராணுவம் வெளிநாட்டில் பெரிய போருக்குப் போனால் டாங்கி, வெடிமருந்து, எரிபொருள் என்று கனமான சரக்கில் பெரும்பகுதி கப்பலில்தான் போகும். விமானத்தில் ஆட்களை அனுப்பலாம், ஒரு கவசப் படைப்பிரிவை முழுவதுமாக அனுப்ப முடியாது. இதற்காக அரசு ரெடி ரிசர்வ் ஃபோர்ஸ் என்ற கப்பல் தொகுதியை 1976-ல் தொடங்கியது. மாரிடைம் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது மாராட், இதைப் பராமரிக்கிறது. கப்பல்கள் துறைமுகங்களில் கட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் சிறு குழு மட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். உத்தரவு வந்தால் ஐந்து நாளில் புறப்படத் தயாராக வேண்டும் என்பதுதான் பெரும்பாலான கப்பல்களுக்கு விதி. அந்த ஐந்து நாளில் மீதி ஆட்களும் வந்து சேர வேண்டும்.

அந்த ஆட்கள் மாலுமிச் சங்கங்களின் வேலைவாய்ப்பு அலுவலகங்களான யூனியன் ஹால்களிலிருந்து வரும் சிவிலியன் மாலுமிகள். சிவிலியன் மாலுமியை யாரும் கட்டாயப்படுத்திக் கப்பலேற்ற முடியாது. அவர்களாக விரும்பி வந்தால்தான் உண்டு. 1990-91 வளைகுடாப் போரில் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களை இப்படி எழுப்பினார்கள். ஆள் பிடிக்கச் சிரமப்பட்டு, ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆனவர்களைக்கூடத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் மாராட் அமைத்த குழு கணக்குப் போட்டபோது, டன்னேஜ், குதிரைத்திறன் வரம்பில்லாத லைசென்ஸோடு உடனே கப்பலேறக்கூடியவர்கள் 11,768 பேர் இருந்தார்கள். நீண்ட போருக்குத் தேவை 13,607 பேர். அதாவது 1,839 பேர் குறைவு. அந்த 11,768 பேரும் மறுப்பின்றி வந்தால்தான் இந்தக் கணக்கே நிற்கும். 2019 செப்டம்பரில் முன்னறிவிப்பில்லாமல் முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களை ஒரே நேரத்தில் எழுப்பிப் பார்த்தார்கள். கப்பல்களின் வயதும் இயந்திரக் கோளாறுகளும் அப்போது வெட்டவெளிச்சமாயின. 2024-ல், கடற்படையின் துணைக் கப்பல்களைச் சிவிலியன் மாலுமிகளை வைத்து ஓட்டும் மிலிட்டரி சீலிஃப்ட் கமாண்ட், ஆள் போதாமல் 17 கப்பல்களை ஒதுக்கி நிறுத்த முடிவெடுத்தது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் எஸ்.எஸ்.ஓ. இருக்கிறது. லைசென்ஸ் உள்ள ஒருவர் சாதாரணக் காலத்தில் வணிகக் கப்பலில் தன் சம்பளத்துக்கு வேலை பார்ப்பார். கூடவே கடற்படை கமிஷனும் வைத்திருப்பார். அவசரம் வந்தால் அவரை உத்தரவு போட்டு அழைக்கலாம். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கொண்ட படை இது. ஆகவே கடற்படை உங்களிடம் எதிர்பார்ப்பது போர்க்கப்பல் திறமையை இல்லை. கட்டிக் கிடக்கும் ஒரு பழைய கப்பலின் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்து, கொதிகலனையும் ஜெனரேட்டரையும் எழுப்பி, வாட்ச் எடுத்து, அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோகத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறது. அதற்குச் சான்று கோஸ்ட் கார்டு லைசென்ஸ். அந்த லைசென்ஸ் உயிரோடு இருக்கும் வரைதான் இந்தப் பிரிவில் உங்களுக்கு இடம். மற்றத் தகுதிகள் எல்லாம் இதைச் சுற்றி வருபவை.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்ததும் இல்லை. பிரிட்டன் 1859-லேயே சட்டம் போட்டு, வணிகக் கப்பல் மாலுமிகளைக் கொண்டு ராயல் நேவல் ரிசர்வை உருவாக்கியது. டைட்டானிக் கேப்டன் எட்வர்ட் ஸ்மித் அதன் அதிகாரி. தப்பியவர்களை மீட்ட கார்பேத்தியாவின் கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரனும் அப்படியே. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் ராயல் இந்தியன் நேவல் ரிசர்வ் என்று ஒன்று இருந்தது. வணிகக் கப்பல் சான்றிதழ் உள்ளவர்களை அதில்தான் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 1925 சட்டமும் 1938 சட்டமும் வணிகக் கப்பல்காரர்களுக்கென்று ரிசர்வில் தனி வகுப்பு வைத்தன. மெர்ச்சன்ட் மரைன் ரிசர்வ் என்று நெடுநாள் அழைக்கப்பட்டது 2011-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. பழைய ஆட்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். அவர்களிடம் பேசும்போது குழம்ப வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்கச் சட்டப்படி கப்பல் அதிகாரி லைசென்ஸ் குடிமக்களுக்கு மட்டும்தான். கிரீன் கார்டு வைத்து மேட் (கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரி), இன்ஜினியர் லைசென்ஸ் வாங்க முடியாது. ரேட்டிங்காக, அதாவது வைப்பர், ஆயிலர் போன்ற அதிகாரி அல்லாத இன்ஜின் ரூம் வேலைகளுக்கு, கிரீன் கார்டுக்காரருக்கும் எம்.எம்.சி. கொடுப்பார்கள். மெர்ச்சன்ட் மரைனர் கிரெடென்ஷியல் என்பதன் சுருக்கம் அது. அமெரிக்கக் கொடிக் கப்பலில் ரேட்டிங்குகளில் கால்வாசிப் பேர் வரை கிரீன் கார்டுக்காரர்கள் இருக்கலாம். செகண்ட் இன்ஜினியர் வரை வந்தவர் மறுபடி ஆயிலராகப் போவதா என்று மனம் கசக்கும், அது நியாயம்தான். இருந்தாலும் இதை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு முன் கீழே உள்ளதைப் படியுங்கள்.

மனைவி குடிமகள் என்பதால், சேர்ந்து வாழ்ந்தால் மூன்று வருடத்தில் குடியுரிமைக்கு மனுப் போடலாம். மற்றவர்களுக்கு ஐந்து வருடம். அந்தக் காலத்தில் பாதி நாள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே போனால் தொடர்ச்சி முறிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், முறியவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ஒரு வருடம் தாண்டினால் முறிந்ததுதான். கப்பல்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சம்பளம் நன்றாக இருக்கிறது என்று பழைய கம்பெனியிலேயே வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் கான்ட்ராக்ட் மேல் கான்ட்ராக்ட் போய்க்கொண்டே இருந்தால், கிரீன் கார்டு கைக்கு வந்து எத்தனை வருடம் ஆனாலும் குடியுரிமை நெருங்காது.

இதற்கு ஒரு நல்ல வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. குடியேற்றச் சட்டத்தின் 330-ஆம் பிரிவு, அமெரிக்காவில் பதிவான கப்பலில் கிரீன் கார்டோடு வேலை செய்த நாட்களை அமெரிக்காவுக்குள் இருந்த நாட்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆயிலராகப் போகும் யோசனையை உடனே தள்ளாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். கடலில் இருக்கும் நாளும் குடியுரிமைக்குச் சேரும், அமெரிக்கக் கப்பலில் சீ டைமும், அதாவது கடல் பணி நாட்களும், சேரும், யூனியனில் நாலு பேருக்கு உங்களைத் தெரியும். குடியேற்ற வக்கீல்களில் பலருக்கு இந்தப் பிரிவு பழக்கமில்லை. நீங்களே எடுத்துச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது லைசென்ஸ். கோஸ்ட் கார்டின் நேஷனல் மாரிடைம் சென்டர் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கிறது. விண்ணப்பங்களை மதிப்பிடுவது அங்கேதான். அமெரிக்கா உங்கள் இந்திய சி.ஓ.சி.யை அப்படியே மாற்றித் தராது. சிங்கப்பூரிலோ பனாமாவிலோ வாங்குவதுபோல மேலொப்புப் பெற்று வேலையைத் தொடங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் வெளிநாட்டுக் கப்பலில் ஓடிய சீ டைமை, தக்க ஆவணம் இருந்தால், ஏற்றுக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. வரம்பில்லாத தேர்ட் அசிஸ்டென்ட் இன்ஜினியர் லைசென்ஸுக்கு இன்ஜின் பிரிவில் 1,080 நாள் சேவை கேட்கிறார்கள். மேட்டுக்கும் டெக் பிரிவில் அதே 1,080 நாள்தான். உங்கள் அனுபவத்துக்கு அந்த எண்ணிக்கை பிரச்சினையாக இருக்காது.

பதவிப் பெயர்கள் இங்கே ஒரு படி தள்ளி இருக்கும். நம் கப்பல்களில் செகண்ட் இன்ஜினியர் என்பவர் இங்கே ஃபர்ஸ்ட் அசிஸ்டென்ட். தேர்ட் அசிஸ்டென்ட் என்றால் நம் ஃபோர்த் இன்ஜினியர் நிலை. கிளாஸ் 2 வைத்திருக்கிறேனே, அதே நிலையில் கேட்கலாமே என்று தோன்றும். என் யோசனை, முதலில் தேர்ட் அசிஸ்டென்ட்டுக்கே போடுங்கள். எஸ்.எஸ்.ஓ. விண்ணப்பத்துக்கு வரம்பில்லாத தேர்ட் மேட் அல்லது தேர்ட் அசிஸ்டென்ட் லைசென்ஸும், அதோடு எஸ்.டி.சி.டபிள்யூ. தகுதியும் (கப்பல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேசத் தரம்) போதும். மேல் நிலைக்கு முயன்று மதிப்பீட்டிலேயே நாளைக் கழிப்பதைவிட, ஒன்றைக் கையில் வாங்கிவிட்டு அதன் மேல் ஏறுவது நல்லது.

சேவைக் கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களின் மனுக்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றன. சி.டி.சி.யில், அதாவது மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகத்தில், இருக்கும் முத்திரைகள் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில், ஒவ்வொரு கப்பலுக்கும், பெயர், ஐ.எம்.ஓ. எண், கொடி, டன்னேஜ், இன்ஜின் எத்தனை கிலோவாட், மோட்டாரா நீராவியா, உங்கள் பதவி, ஏறிய தேதி, இறங்கிய தேதி எல்லாம் இருக்க வேண்டும். கிலோவாட் எழுதாத கடிதத்தால் உங்கள் லைசென்ஸில் குதிரைத்திறன் வரம்பு விழக்கூடும். வரம்பு விழுந்த லைசென்ஸை வைத்து இந்தப் பிரிவில் சேர முடியாது. மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள மேனேஜிங் கம்பெனிகள் கைமாறும், மூடப்படும். பழைய பதிவுகளைத் தேட அங்கே ஆள் இருக்கும்போதே கடிதங்களை வாங்கிவிடுங்கள். குடியுரிமைக்குக் காத்திருக்கும் வருடங்களில் செய்ய வேண்டிய வேலை இது.

கூடவே டி.டபிள்யூ.ஐ.சி. என்ற துறைமுகப் பாதுகாப்பு அட்டை, மருத்துவச் சான்று, போதைப்பொருள் சோதனை எல்லாம் வேண்டும். இந்தியாவில் முடித்த எஸ்.டி.சி.டபிள்யூ. கோர்ஸ்களில் எவை ஏற்கப்படும், எவற்றை இங்கே திரும்பச் செய்ய வேண்டும் என்பதை மதிப்பீட்டுக் கடிதத்தில் சொல்வார்கள். அந்தக் கடிதம் வரும் முன் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.

தேர்வு, இந்தியக் கப்பல் துறை அலுவலகமான எம்.எம்.டி. நடத்தும் ஆரல்ஸ் என்ற வாய்மொழித் தேர்வு போல இருக்காது. சர்வேயர் எதிரே உட்கார்ந்து குடைய மாட்டார். பல நாட்களாகப் பிரித்து எழுதும், விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைத் தாள்கள். ஹூஸ்டனிலேயே தேர்வு மையம் இருக்கிறது. டெக் பிரிவில் மோதல் தடுப்பு விதிகளுக்கு 90 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. சர்வதேச விதியோடு அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதியும் அதில் வரும். இன்ஜின் பிரிவில் மோட்டார், நீராவி, எரிவாயு டர்பைன் என்று தனித்தனி அங்கீகாரம் உண்டு. நீங்கள் மோட்டார் கப்பல்காரராகத்தான் இருப்பீர்கள். எப்போதாவது நீராவி எல்.என்.ஜி. கப்பலில் ஓடியிருந்தால் அதைத் தவறாமல் எழுதுங்கள். ரெடி ரிசர்வ் ஃபோர்ஸில் நாற்பது வயதைத் தாண்டிய நீராவிக் கப்பல்கள் இருந்து வந்திருக்கின்றன. அதில் சேர்ந்த ஆல்கால் வகுப்புக் கப்பல்கள் 1970-களில் சரக்குக் கம்பெனிக்காகக் கட்டப்பட்டவை, 33 நாட் வேகம் போனவை, எல்லாமே நீராவி. அதைக் கையாளத் தெரிந்த இன்ஜினியர்கள் வருடா வருடம் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். இளம் வயதில் நீராவி அனுபவம் உள்ளவருக்கு மதிப்பு அதிகம்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கடற்படை. கடைத்தெரு ரெக்ரூட்டிங் அலுவலகத்தில் நுழைந்தால் அங்கே இருப்பவர் சிப்பாய் நிலை ஆட்சேர்ப்பைத்தான் பெரும்பாலும் பார்ப்பார். எஸ்.எஸ்.ஓ. என்றால் அவருக்குத் தெரியாமலும் போகலாம், வேறு எதிலாவது கையெழுத்துப் போடச் சொல்லலாம். ஆபிசர் ரெக்ரூட்டர் வேண்டும், எஸ்.எஸ்.ஓ. நேரடி கமிஷன் பற்றிப் பேச வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். வயது வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறுவதால் முதல் கேள்வியாக அதைக் கேட்டுவிடுங்கள். இந்தியப் பட்டத்துக்கு அமெரிக்க இணைமதிப்பீடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ மருத்துவப் பரிசோதனை தனி. கோஸ்ட் கார்டு மருத்துவச் சான்று இருக்கிறது என்பதால் அதிலிருந்து விலக்கு கிடைக்காது. எடை, உடல் கொழுப்பு அளவெல்லாம் பார்ப்பார்கள். கப்பல் மெஸ் சாப்பாட்டில் வயிறு வைத்திருந்தால் இப்போதே நடக்க ஆரம்பியுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்குக் கனமானது பாதுகாப்பு விசாரணைப் படிவம், எஸ்.எஃப். 86. வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், சகோதரர்கள், நெருங்கிப் பழகுபவர்கள், ஊரில் உள்ள வீடு நிலம், வங்கிக் கணக்கு, போய்வந்த நாடுகள் எல்லாம் எழுத வேண்டும். கப்பல்காரர் என்றால் துறைமுகப் பட்டியலே நீளமாக இருக்கும். திருநெல்வேலியில் அப்பா பெயரில் வீடு இருப்பதும், தங்கைக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதும் குற்றம் இல்லை. அதை எழுதாமல் விடுவதுதான் பிரச்சினையாகும். வெளிநாட்டில் உறவுகள் இருப்பதாலேயே மறுத்துவிட மாட்டார்கள், அந்த உறவுகளை வைத்து உங்களை யாரும் வளைக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். சி.டி.சி., பாஸ்போர்ட் எல்லாவற்றின் பக்கங்களையும், பழையவை உட்பட, நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் தேர்வுக் குழு. தேர்வானால் பொதுவாக என்சைன் என்ற தொடக்க அதிகாரிப் பதவியில் கமிஷன். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் புதிய அதிகாரிகளுக்கான தொடக்கப் பயிற்சி. சீருடை, மரியாதை முறை, ராணுவச் சட்டம், கடற்படை எப்படி இயங்குகிறது என்பதெல்லாம் அங்கே.

சேர்ந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன், பலர் இதைத் தவறாக எதிர்பார்க்கிறார்கள். மாதம் ஒரு வார இறுதி, வருடம் இரண்டு வாரம் என்ற வழக்கமான ரிசர்வ் வாழ்க்கை பெரும்பாலான எஸ்.எஸ்.ஓ.க்களுக்குக் கிடையாது. கடலில் இருப்பவர் மாதாமாதம் எப்படி வருவார்? அதனால் பெரும்பாலோரை இண்டிவிஜுவல் ரெடி ரிசர்வ் என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரப் பயிற்சி, அந்த நாட்களுக்குச் சம்பளம். மற்ற நாட்களுக்குச் சம்பளம் இல்லை. மாதாந்திர ரிசர்வ்காரர்கள் வாங்கக்கூடிய குறைந்த விலை மருத்துவக் காப்பீடும் இந்தப் பிரிவுக்கு இல்லை.

ஓய்வூதியக் கணக்கும் பாருங்கள். 20 நல்ல வருடம் சேர்த்தால் 60 வயதில் ஓய்வூதியம். ஒரு வருடம் நல்ல வருடமாக எண்ணப்பட 50 புள்ளி வேண்டும். உறுப்பினராக இருப்பதற்கே 15 புள்ளி, பயிற்சி நாள் ஒன்றுக்கு ஒரு புள்ளி. 12 நாள் பயிற்சி போனால் 27. மீதி 23-க்குக் கூடுதல் உத்தரவுகளோ, புள்ளி தரும் பாடங்களோ நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். முதல் வருடத்திலிருந்தே இதைக் கவனிக்காதவர்கள் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று நாலு வருடம்தான் தேறியிருக்கும்.

பயிற்சி மட்டும் உண்மையிலேயே சுவையானது. கடலில் ஓடும்போதே போர்க்கப்பலுக்கு எரிபொருள் மாற்றுவது, ரசாயனத் தாக்குதலிலிருந்து தற்காப்பு, துப்பாக்கிப் பயிற்சி, வணிகக் கப்பல்களுக்கும் கடற்படைக்கும் நடுவே ஒருங்கிணைப்பு என்று பல உண்டு. டாக்டிக்கல் அட்வைசர் என்று ஒரு பொறுப்பும் வளர்ந்திருக்கிறது. ஆபத்தான கடலில் போகும் சரக்குக் கப்பலில் ஏறி, கேப்டனுக்கு அருகிலிருந்து, கடற்படையோடு எப்படித் தொடர்பில் இருப்பது, எப்போது ரேடியோ, ராடார் அலைகளை அடக்குவது என்று ஆலோசனை சொல்பவர் அவர். இரண்டு உலகத்தின் பேச்சும் தெரிந்தவரால்தான் அது முடியும். இந்தப் பிரிவின் அருமை அங்கேதான் தெரிகிறது என்பது என் எண்ணம்.

லைசென்ஸை உயிரோடு வைத்திருப்பது பற்றித் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. எம்.எம்.சி. ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்க, கடைசி ஐந்து வருடத்தில் 360 நாள் சீ டைம் என்பது வழக்கமான வழி. ஹூஸ்டனில் டேங்கர் வெட்டிங் (கப்பல் தகுதி ஆய்வு), டெர்மினல், சூப்பரின்டென்டென்ட் என்று கரை வேலைகள் நிறைய. குழந்தைகள் பள்ளி, வீட்டுக் கடன் என்று மனம் கரையைத்தான் நாடும். கரைக்குப் போவது உங்கள் உரிமை. ஆனால் போவதற்கு முன் எந்த வழியில் லைசென்ஸையும் எஸ்.டி.சி.டபிள்யூ. தகுதியையும் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். காலாவதியான லைசென்ஸோடு இருக்கும் எஸ்.எஸ்.ஓ.வால் அந்தப் பழைய கப்பல்களை எழுப்ப முடியாது, கடற்படையும் அவரை அந்தப் பிரிவில் வைத்திருக்காது.

போர் வந்தால்? கட்டாயம் போக வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் செய்யும் துரோகம். சிவிலியன் மாலுமியைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதால்தான் இந்தப் பிரிவே இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது எட்டு வருடக் கடமையை ஏற்கிறீர்கள். முறையான அணிதிரட்டல் உத்தரவு வந்தால் மறுக்க முடியாது. பெரும்பாலும் உங்கள் இடம் சரக்குக் கப்பலின் இன்ஜின் ரூமாகத்தான் இருக்கும், ஆனால் எதிரிக்கு முதல் இலக்கு சரக்குக் கப்பல்தான் என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டியது. வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்ற பயத்துக்கு மட்டும் சட்டத்தில் நல்ல பதில் உண்டு. ரிசர்வ் கடமைக்குப் போனவரின் சிவிலியன் வேலையை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. சீருடை அணிந்து போவதில் வேறொரு நியாயமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடலில் உயிரைப் பணயம் வைத்த அமெரிக்க வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு முன்னாள் படைவீரர் தகுதி 1988-ல்தான் கிடைத்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

நம் ஆட்கள் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று ஓ.சி.ஐ., அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோகத் தரும் அட்டை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓ.சி.ஐ. அட்டை வழங்கப்படாது என்பது இந்திய அரசின் விதி. குடியுரிமை மாறியதும் ஓ.சி.ஐ. வாங்கி ஊருக்குப் போய்வரலாம் என்றுதான் எல்லோரும் இருப்பார்கள். கமிஷன் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் விசா எடுத்து அப்பா அம்மாவைப் பார்க்கப் போக வேண்டி வரலாம். முதிய பெற்றோர் ஊரில் இருக்கும் ஒரே மகன் என்றால் இதன் கனம் உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர் என்ன செய்வது என்பதை இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவையும் எடைபோட்டு, கமிஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் லைசென்ஸுக்காகப் பட்ட பாடு வீண் போகாது. குடியுரிமையும் லைசென்ஸும் இருந்தால் மிலிட்டரி சீலிஃப்ட் கமாண்டில் சிவிலியன் இன்ஜினியராகவே சேரலாம். அங்கே ஆள் பஞ்சம் இருப்பதை மேலே சொன்னேன். மாறாக, சீருடை வேண்டும், ஆனால் லைசென்ஸில் வரம்பு இருக்கிறது என்றால், பொறியியல் பட்டத்தை வைத்து ரிசர்வின் இன்ஜினியரிங் டியூட்டி ஆபிசர் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். அது கப்பல் கட்டுவது, பழுதுபார்ப்பது சார்ந்தது.

அமெரிக்காவில் வளரும் பிள்ளைகள் உள்ளவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். இந்தப் பிரிவுக்கு ஆட்கள் வரும் முக்கிய வழி அகாடமிகள்தான். நியூயார்க்கின் கிங்ஸ் பாயின்ட்டில் இருக்கும் மெர்ச்சன்ட் மரைன் அகாடமி 1943-ல் திறக்கப்பட்டது. அந்தப் போரில் மட்டும் அதன் மாணவர்கள் 142 பேர் கடலில் இறந்தார்கள். நுழைய நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். படிப்புச் செலவை அரசு ஏற்கும், படிப்பின் நடுவே வணிகக் கப்பல்களில் கடல் பயிற்சி உண்டு. வெளியே வரும்போது பட்டம், லைசென்ஸ், கமிஷன் மூன்றும் கையில் இருக்கும். பதிலுக்கு ஐந்து வருடம் கப்பல் துறையில் வேலை, ஆறு வருடம் லைசென்ஸைக் காப்பாற்றுவது, எட்டு வருடம் ரிசர்வ். வருடா வருடம் மாராட்டுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கடமையை முடிக்காதவரிடம் படிப்புச் செலவைத் திரும்ப வசூலிக்கலாம். மெயின், மாசசூசெட்ஸ், நியூயார்க், டெக்சாஸ், கலிபோர்னியா, மிச்சிகன் என்று ஆறு மாநில அகாடமிகளும் உண்டு. டெக்சாஸ் அகாடமி கால்வெஸ்டனில், உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஒருநாள் போய், லைசென்ஸ் வழிகாட்டும் ஆசிரியர்களையும் கமிஷன் வாங்கிய பழைய மாணவர்களையும் சந்தித்துப் பேசுங்கள். இந்தியாவிலிருந்து வந்த இன்ஜினியர் என்று சொல்லியே கேளுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது என்றால், பழைய கம்பெனிகளுக்குச் சேவைக் கடிதம் கேட்டு மின்னஞ்சல் போடுவதுதான், கிலோவாட்டோடு சேர்த்து.